தேய்ந்த துப்பாக்கிக் குழலுக்கு உள்குழல் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பல குடும்பங்களில் தாத்தா காலத்து .22 துப்பாக்கி ஒன்று இன்னும் இருக்கும். (.22 என்பது குழல் துளையின் அளவு, சுமார் 0.22 அங்குலம்.) வின்செஸ்டர் 1890, ஸ்டீவன்ஸ் ஃபேவரிட், பழைய மார்லின் என்று ஏதாவது ஒன்று. கட்டை வழவழப்பாக இருக்கும், விசை ஒழுங்காக வேலை செய்யும், ஆனால் குறி மட்டும் நிற்காது. குழலின் உள்பக்கம் துருவும் குழியுமாகப் போயிருக்கும். அப்படிப்பட்ட துப்பாக்கியை மறுபடி நேராகச் சுட வைக்கும் வேலையைப் பற்றித்தான் இந்தப் பக்கம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தலைமுறைகளாக இருந்துவரும் கைத்தொழில் இது. அதனால் உதாரணங்களும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன.

உள்குழல் போடுவது என்றால் என்ன?

எஞ்சினுக்கு ஸ்லீவ் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரிந்துவிடும். சிலிண்டர் தேய்ந்துபோனால் பிளாக்கையே தூக்கிப் போடுவதில்லை. உள்ளே கடைந்து பெரிதாக்கி, புது ஸ்லீவை இறக்கி, பிஸ்டனுக்கு ஏற்ற அளவுக்குக் கொண்டுவருகிறோம். துப்பாக்கியிலும் அதே கதைதான். பழைய குழலின் உட்பகுதியை நீளவாக்கில் துளைத்து அகலமாக்கி, அதற்குள் மெல்லிய புதுக் குழல் ஒன்றைச் செலுத்திப் பிடிக்க வைக்கிறார்கள். இந்தப் புதுக் குழலின் பெயர் லைனர். குண்டைச் சுழல வைக்கும் திருகு பள்ளங்கள் அதில் ஏற்கெனவே வெட்டப்பட்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அதே பழைய துப்பாக்கி, அதே எழுத்து, அதே நிறம். உள்ளே ஓடும் பாதை மட்டும் புதிது.

.22 குண்டு வெறும் ஈயம்தானே? எஃகு எப்படித் தேயும்?

தேய்வதைவிட அரிப்பதுதான் அதிகம். பெரிய ராணுவத் துப்பாக்கிக்கும் சின்ன .22-க்கும் நோய் வேறு வேறு.

பெரிய துப்பாக்கியில் எதிரி சூடு. தோட்டாவின் வாய்க்கு முன்னால் இருக்கும் தொண்டைப் பகுதியில் சூடான வாயு பாய்ந்து எஃகைத் தின்கிறது. பிரிட்டிஷ் ராணுவத்துக்கு இதில் நல்ல அனுபவம் உண்டு. 1888-ல் வந்த லீ-மெட்ஃபர்ட் துப்பாக்கியின் பள்ளங்கள் ஆழம் குறைந்தவை, ஓரம் வளைந்தவை. கரிமருந்துக்கு, அதாவது நிறையப் புகை விடும் பழைய வெடிமருந்துக்கு, அவை அருமையாகப் பொருந்தின. கார்டைட் என்ற புகையில்லா மருந்து வந்ததும் அதன் சூட்டைத் தாங்க முடியாமல் சீக்கிரமே தேய்ந்தன. அதனால் 1895-ல் ஐந்து ஆழமான பள்ளங்கள் கொண்ட என்ஃபீல்டு குழலுக்கு மாறினார்கள். லீ-என்ஃபீல்டு என்ற பெயரே அப்படி வந்ததுதான். இந்தச் சேதத்தின் உச்சத்தை 1918-ல் பாரிஸ் மீது சுட்ட ஜெர்மானியப் பீரங்கியில் பார்க்கலாம். ஒவ்வொரு குண்டுக்கும் குழல் தேயும் என்று தெரிந்தே, குண்டுகளை ஒன்றைவிட ஒன்று சற்றுப் பருமனாகச் செய்து, வரிசை எண் போட்டு அந்த வரிசையிலேயே சுட்டார்கள். அந்தக் குழலும், பெரிய கடற்படைப் பீரங்கியின் குழலுக்குள் சிறிய உள்குழல் செருகிச் செய்ததுதான்.

.22-ல் அந்த அளவு சூடு கிடையாது. அங்கே குழலைக் கெடுத்தது உப்பு. அக்காலத்துத் தோட்டாக்களின் பற்றுமருந்தில், அதாவது அடிமுள் குத்தியதும் தீப்பற்றி வெடிமருந்தைக் கொளுத்தும் மருந்தில், பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்த பிறகு அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலுக்குள் படியும். இது கிட்டத்தட்ட நம் சாப்பாட்டு உப்பு போலத்தான், காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கரிமருந்து இருந்தவரை அதன் ஏராளமான புகைக்கரியோடு கலந்து உப்பு நீர்த்துப்போனது. அழுக்கைப் பார்த்ததும் சுடுபவரும் வெந்நீர் விட்டுக் கழுவினார். புகையில்லா மருந்து வந்ததும் குழல் பார்வைக்குச் சுத்தமாகத் தெரிந்தது. அதை நம்பி அப்படியே சுவரில் சாய்த்து வைத்தார்கள். இரண்டு நாள் ஈரக்காற்று போதும். .22 தோட்டாவில் வெடிமருந்தோடு ஒப்பிட்டால் பற்றுமருந்தின் பங்கு அதிகம் என்பதால் அடியும் பலமாக விழுந்தது. 1920-களின் பிற்பகுதியில் ரெமிங்டனின் கிளீன்போர் போன்ற அரிக்காத தோட்டாக்கள் வந்த பிறகுதான் இது நின்றது. அதற்கு முன் விற்ற துப்பாக்கிகளில் நல்ல குழலோடு தப்பியவை குறைவு.

இன்னொரு காரணம் மனிதக் கை. பம்ப், லீவர் வகைத் துப்பாக்கிகளில் பின்பக்கம் அடைத்திருக்கும். சுத்தம் செய்யும் கம்பியைக் குழல் வாய் வழியாகத்தான் விட வேண்டும். மண் ஒட்டிய கம்பி ஐம்பது வருடம் அதே ஓரத்தில் உரசினால் வாய் ஒரு பக்கம் அகன்றுவிடும்.

என் துப்பாக்கி சிதறிச் சுடுகிறது. உள்குழல் போட்டே ஆக வேண்டுமா?

அவசரப்படாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். குழல் செத்துவிட்டது என்று சொல்லிக் கொண்டுவரப்படும் துப்பாக்கிகளில் பலவற்றின் குழல் சாகவே இல்லை.

முதலில் திருகாணிகளைப் பாருங்கள். கட்டையையும் இரும்பையும் இணைக்கும் ஆணி தளர்ந்திருந்தால் எந்தக் குழலும் நேராகச் சுடாது. குறிமுள் ஆடுகிறதா, தொலைநோக்கியின் பிடி இறுக்கமா என்று பாருங்கள். நான்கைந்து வகைத் தோட்டாக்களை வாங்கிச் சுட்டுப் பாருங்கள். .22 துப்பாக்கிகள் தோட்டா விஷயத்தில் ரொம்பப் பிடிவாதம் பிடிப்பவை. ஒன்றில் சிதறும் துப்பாக்கி இன்னொன்றில் காசு அகலத்துக்குள் போடும்.

அப்புறம் சுத்தம். பல்லாண்டு ஈயம் அடுக்கடுக்காக ஒட்டியிருந்தால் பள்ளமே தெரியாது, பார்த்தால் தேய்ந்த குழல் போலவே இருக்கும். வெண்கலத் தூரிகையும் நல்ல கரைப்பானும் வைத்து இரண்டு மூன்று நாள் பொறுமையாகச் செய்தால் உள்ளே உயிரோடு இருக்கும் பள்ளங்கள் வெளியே வரும்.

அதற்கும் மசியவில்லை என்றால் குழல் வாயைப் பாருங்கள். குண்டு கடைசியாகத் தொட்டு விலகும் இடம் அது. அங்கே ஒரு சின்ன நசுக்கல் இருந்தாலும் வாயு ஒரு பக்கமாகப் பீறிட்டுக் குண்டைத் தள்ளிவிடும். வாயைச் சிறிதளவு வெட்டிப் புதிதாகச் செதுக்குவது லேத்தில் சிறு வேலை. உள்குழலுக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான்.

இத்தனையும் பார்த்த பிறகு, மென்மையான ஈயக் குண்டு ஒன்றைக் குழலுக்குள் கம்பியால் மெதுவாகத் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பார்த்த பிறகுதான். நல்ல குழலில் ஒரே சீரான இறுக்கம் இருக்கும். நடுவில் சட்டென்று இளகினால் அந்த இடத்தில் குழல் உப்பியிருக்கிறது. வழி நெடுக இளக்கமும் சொரசொரப்பும் என்றால், சரி, உள்குழலைப் பற்றிப் பேசலாம்.

புதுக் குழலே மாட்டிவிட்டால் என்ன?

கிடைத்தால் மாட்டலாம். இன்றும் தயாரிப்பில் உள்ள துப்பாக்கி என்றால் அதுவே சுலபம். பழைய துப்பாக்கியில் சிக்கல் என்னவென்றால், எண்கோணக் குழல், அதில் வெட்டிய குறிமுள் பள்ளம், கம்பெனி முத்திரை, பம்புக் குழாய் மாட்டும் இடம் எல்லாமே அந்தக் குழலிலேயே இருக்கின்றன. புதிதாகச் செய்தால் அத்தனையையும் கையால் திரும்ப வெட்ட வேண்டும். செய்து முடித்தாலும் அது தாத்தாவின் துப்பாக்கியாக இருக்காது.

மூன்றாவது வழியும் உண்டு. குழலையே கடைந்து அடுத்த பெரிய அளவுக்கு மாற்றுவது. மெக்கானிக்குகள் ரீபோர் என்பார்களே, அதுதான். .25-20 அளவுக் குழலை .32-20 ஆக்குவது இப்படித்தான். .22-ஐ .22-ஆகவே வைத்திருக்க ஆசைப்படுபவருக்கு இந்த வழி உதவாது.

வேலை எப்படி நடக்கிறது?

குழலை உடலிலிருந்து கழற்றி, உள்ளும் புறமும் அளப்பதில் தொடங்குகிறது. பழைய எண்கோணக் குழல்களில் துளை எப்போதும் நட்ட நடுவில் இருக்காது. சுவர் எந்தப் பக்கம் மெல்லியது என்று தெரிந்துகொண்டுதான் துளைக்க வேண்டும்.

துளைக்கும் டிரில் நீளமானது. அதன் நுனியில், பழைய துளைக்குள் சரியாகப் பொருந்தும் ஒரு வழிகாட்டிக் கம்பி இருக்கும். அது பழைய பாதையிலேயே முன்னால் போக, பின்னால் வரும் வெட்டு முனை அதைத் தொடரும். அதனால்தான் இரண்டடி நீளத்திலும் டிரில் வழிதவறுவதில்லை. வழிகாட்டி துளையோடு பொருந்தாமல் ஆடினால் டிரில் சுவரைப் பார்த்துப் போய்விடும். கொஞ்சம் வெட்டி, வெளியே எடுத்து, இரும்புச் சீவலைத் துடைத்து, எண்ணெய் விட்டு, மறுபடி கொஞ்சம் வெட்டி என்று மணிக்கணக்கில் போகும். பழைய குழல்களின் எஃகு இன்றைய எஃகைவிட மென்மை என்பதால் வெட்டுவது கடினமில்லை, பொறுமைதான் கடினம்.

.22-க்கான உள்குழல்களில் பரவலாகக் கிடைப்பது வெளிவிட்டம் அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு உள்ளது. துளை அதைவிட ஓர் இழை பெரிதாக இருக்க வேண்டும். உள்குழல் கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், ஆடக் கூடாது. சுத்தியலால் அடித்து இறக்கினால் வளைந்தோ நசுங்கியோ போகும், அப்புறம் எதுவும் செய்ய முடியாது. இரு முனையிலும் சிறிது நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, பிடித்து இறுகியதும் மிச்சத்தை வெட்டுகிறார்கள்.

வேலை இங்கே முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். என் பார்வையில் உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது. பின்முனையில் தோட்டா உட்காரும் அறையை ரீமர் என்ற வெட்டுக் கருவியால் வெட்ட வேண்டும். .22 தோட்டாவின் விளிம்புக்கு விடும் இடம் சுமார் 0.043 அங்குலம். அது அதிகமானால் அடிமுள் தோட்டாவைச் சரியாகக் குத்தாது, தோட்டா பிளக்கவும் கூடும். குறைந்தால் அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் பூட்டு மூடாது, அல்லது மூடும்போதே விளிம்பை நசுக்கும். வெற்றுத் தோட்டாவை இழுக்கும் கொக்கிக்கான பள்ளத்தை வெட்டி, கடைசியில் குழல் வாயைச் செதுக்க வேண்டும். உள்குழல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அறையும் வாயும் கோணலானால் துப்பாக்கி முன்பிருந்ததைவிட மோசமாகச் சுடும்.

ஒட்டுவதா, ஈயப் பற்று வைப்பதா?

இரண்டும் நடக்கிறது. பழைய கைவினைஞர்கள் ஈயப் பற்றுதான் (சால்டரிங்) வைத்தார்கள். நீளம் முழுக்க ஒரே சீராகப் பற்று ஓட வைப்பது தனிக் கலை. இன்று பெரும்பாலோர் எபாக்சி அல்லது இயந்திரப் பாகங்களைப் பிடிக்க வைக்கும் தொழிற்சாலைப் பசையைப் பயன்படுத்துகிறார்கள். .22-ன் சூட்டுக்கு அது தாராளமாகத் தாங்கும். குழலுக்கு மறுபடி கருநீலம் (துப்பாக்கி இரும்பின் வெளிப்பூச்சு நிறம்) ஏற்ற எண்ணம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சூடான காரக் கரைசலில் முக்கும் முறை ஈயப் பற்றை அரித்துவிடும், பசையையும் சூடு இளக்கிவிடும்.

அவ்வளவு மெல்லிய குழல் அழுத்தத்தைத் தாங்குமா?

தனியாகத் தாங்க வேண்டியதில்லை. சுற்றிலும் பழைய குழல் இறுக்கிப் பிடித்திருக்கிறது. இன்று பரவலாகப் புழங்கும் .22 வகையான லாங் ரைஃபிள் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறை வைத்திருக்கும் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு. சரியாகச் செய்த உள்குழலுக்கு இது பெரிய சுமையே இல்லை. .32-20, .38-55, .44-40 போன்ற பழைய, மிதமான தோட்டாக்களுக்கும் உள்குழல் போடுகிறார்கள். .30-06 போல 60,000 பவுண்டுக்குப் போகும் தோட்டா என்றால், என் அபிப்பிராயம், புதுக் குழல் மாட்டுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். உள்குழல் புதிதானாலும் பூட்டும் உடலும் நூறு வருடப் பழசு. கரிமருந்துக் காலத்து உடலில் புதுக் குழல் போட்டுவிட்டு அதிவேகத் தோட்டாவைச் சுடுவது, பழைய பாலத்துக்குப் புதுத் தார் போட்டுவிட்டு லாரியை ஏற்றுவது மாதிரி.

என்னிடம் இருப்பது .32 விளிம்புத் தோட்டா ஸ்டீவன்ஸ். தோட்டாவே கிடைப்பதில்லை. உள்குழல் போட்டு .22 ஆக்கலாமா?

ஆக்கலாம். தேய்மானத்துக்கு அடுத்தபடி உள்குழல் போட இதுதான் பெரிய காரணம். ஆனால் குழல் மட்டும் மாறினால் போதாது. விளிம்புத் தோட்டாவில் அடிமுள் குத்துவது நடுவில் அல்ல, விளிம்பில். .32-ன் விளிம்பு அகலம், .22-ன் விளிம்பு குறுகல். பழைய முள் அதே இடத்தில் குத்தினால் .22 தோட்டாவின் விளிம்பைத் தாண்டி வெளியே போகும். ஆகவே முள்ளின் இடத்தையும், வெற்றுத் தோட்டாவை இழுக்கும் கொக்கியையும் மாற்ற வேண்டும். விலை பேசும்போது இவை சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வின்செஸ்டர் 1890-ஐ லாங் ரைஃபிளுக்கு மாற்ற முடியுமா?

இந்தத் துப்பாக்கியை .22 ஷார்ட், .22 லாங், .22 டபிள்யூ.ஆர்.எஃப். (வின்செஸ்டர் ரிம்ஃபயர்) என்று தோட்டா வகைக்கு ஒன்றாகத் தனித்தனியாக விற்றார்கள். லாங் ரைஃபிள் பின்னால்தான் சேர்ந்தது. உள்ளே தோட்டாவைத் தூக்கிக் கொடுக்கும் பாகம் அந்தந்தத் தோட்டாவின் நீளத்துக்கு அளவெடுத்துச் செய்தது. குழலை மட்டும் மாற்றினால் தோட்டாவை ஒவ்வொன்றாகக் கையால் போட வேண்டியிருக்கும், இல்லையென்றால் சிக்கிக்கொள்ளும். தூக்கியையும் சேர்த்து மாற்ற வேண்டும். டபிள்யூ.ஆர்.எஃப். குழலில் அறை அகலமாக இருப்பதால் அதில் நேரடியாக லாங் ரைஃபிளைப் போட்டுச் சுடவே கூடாது, தோட்டா உப்பிப் பிளந்துவிடும்.

இந்த யோசனை எப்போது வந்தது?

1880-களில் பிரிட்டனில் மோரிஸ் குழாய் என்று ஒன்று இருந்தது. பெரிய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிக்குள் சிறிய குழலைச் செருகி, குறைந்த செலவில், குறுகிய இடத்தில் சிப்பாய்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அதைக் கழற்றி மாட்டலாம். நிரந்தரமாகப் பதிக்கும் முறையில் பெயர் வாங்கியவர்கள் பர்மிங்ஹாம் நகரத்து ஏ. ஜி. பார்க்கர் நிறுவனத்தார், பிற்காலத்தில் பார்க்கர்-ஹேல். தேய்ந்துபோன .303 ராணுவக் குழல்களைத் துளைத்து, .22 உள்குழலை ஈயப் பற்றால் பதித்துப் பயிற்சித் துப்பாக்கிகளாக மாற்றினார்கள். அப்படிச் செய்த குழல்களில் பார்க்கர்-ரைஃபிள்டு என்ற முத்திரை இருக்கும்.

நம்மில் பலருக்கு இதோடு ஒரு தொடர்பு உண்டு. கல்லூரியில் என்.சி.சி.யில் தரையில் படுத்துச் சுட்ட அந்தக் கனமான பழைய .22 நினைவிருக்கிறதா? ராணுவ லீ-என்ஃபீல்டின் உடலும் எடையும், சின்னக் குண்டும். அவை அந்த பிரிட்டிஷ் பயிற்சித் துப்பாக்கி வம்சத்தில் வந்தவை. பெரிய துப்பாக்கிக்குள் சின்னத் துளை என்ற யோசனையின் பிள்ளைகள்.

உள்குழல் போட்டால் பழம்பொருள் மதிப்பு குறையுமா?

அசல் நிலையில், நல்ல குழலோடு இருக்கும் அரிய துப்பாக்கி என்றால் கட்டாயம் குறையும். அதைத் தொடவே தொடாதீர்கள். குழல் ஏற்கெனவே அழிந்துபோன சாதாரணத் துப்பாக்கி என்றால் இழக்க அதிகமில்லை. நல்ல கைவினைஞர் செய்தால் குழல் வாயில் உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் மெல்லிய வட்டக் கோடு ஒன்றுதான் அடையாளம். விற்கும்போது இதை வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும். மறைப்பது ஏமாற்று வேலை.

நானே வீட்டில் செய்யலாமா?

லேத்தில் பல வருடம் உழைத்தவருக்குக்கூட முதல் குழல் பாழாகும் வாய்ப்பு அதிகம். குழல் பாழானால் பணம்தான் போகும். அறை தப்பாக வெட்டப்பட்டால் கண் போகும். துப்பாக்கிப் பட்டறை அனுபவமும் சோதனைக் கருவிகளும் உள்ளவரிடம் கொடுங்கள். பிரிட்டனில் இப்படிச் செய்த துப்பாக்கியை லண்டன் அல்லது பர்மிங்ஹாம் சோதனை நிலையத்தில் அதிக அழுத்தத் தோட்டா வைத்துச் சுட்டு, புது முத்திரை வாங்கிய பிறகுதான் விற்க முடியும். அமெரிக்காவில் அப்படிக் கட்டாயச் சோதனை இல்லை, அதனால் செய்பவரின் கையை நம்புவதுதான் எல்லாம். அவர் முன்பு செய்த துப்பாக்கி ஒன்றைக் காட்டச் சொல்லிப் பார்ப்பதில் தவறில்லை.

இந்தியாவில் இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி, துப்பாக்கி தயாரிப்பது மட்டுமல்ல, தொழிலாகப் பழுதுபார்ப்பதற்கும் மாற்றியமைப்பதற்கும் உரிமம் வேண்டும். தெரிந்த லேத் பட்டறை என்று கொடுத்துவிட்டால் அவரும் மாட்டுவார், நீங்களும் மாட்டுவீர்கள். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம்தான் போக வேண்டும். தோட்டாவின் அளவு மாறுகிற வேலை என்றால், உங்கள் உரிமத்தில் எழுதியிருப்பதற்கும் கையில் இருக்கும் துப்பாக்கிக்கும் பொருத்தம் இல்லாமல் போகும். வேலைக்கு முன்பே உரிமம் வழங்கிய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

போட்ட பிறகு எப்படிச் சுடும்? எவ்வளவு நாள் வரும்?

நல்ல கை செய்திருந்தால், ஒத்துப்போகும் தோட்டாவோடு, 50 கெஜத்தில் ஓர் அங்குலத்தைச் சுற்றிக் குண்டுகள் விழுவதை எதிர்பார்க்கலாம். சில துப்பாக்கிகள் கடையிலிருந்து வந்த நாளில்கூட இப்படிச் சுட்டிருக்காது. இன்றைய அரிக்காத தோட்டாவும் ஈயக் குண்டும் மட்டும் சுட்டால் உங்களுக்கு அடுத்த தலைமுறைக்கும் அந்தக் குழல் போதும்.

சுத்தம் செய்யும்போது மட்டும் கவனம். வாய் வழியாகத்தான் கம்பி விட வேண்டிய துப்பாக்கி என்றால், வாயில் பொருந்தும் பித்தளை வழிகாட்டி ஒன்றை வாங்கி வையுங்கள். ஒவ்வொரு முறையும் கம்பியைத் துடைத்துவிட்டு விடுங்கள். பழைய குழலின் வாயைத் தேய்த்ததும் அதே கம்பிதான்.